வார்டில் கைப்பேசி: மூன்று மருந்துத் தகவல் செயலிகளைப் பற்றிய மதிப்பீடு

மருத்துவமனை வார்டில் பணிபுரியும் மருந்தாளுநருக்கு நாள் முழுவதும் எழும் கேள்விகளில் பெரும்பாலானவை சிறியவை. ஆனால் அவை காத்திருக்க மாட்டா. இந்த இரண்டு மருந்துகளையும் ஒரே குழாய் வழியாக இறக்கலாமா, சிறுநீரகம் தளர்ந்திருக்கும் இந்த அம்மாவுக்கு ஊசியின் அளவைக் குறைக்க வேண்டுமா, இந்த ஐயா சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டும் மாத்திரை அட்டையில் இருப்பது என்ன மருந்து என்றெல்லாம் கேட்கும்போது, மருத்துவரும் தாதியும் விடைக்காக எதிரே நின்றுகொண்டிருப்பார்கள். முன்பு இதற்கு மருந்தகத்துக்குத் திரும்பிச் சென்று தடித்த புத்தகங்களைப் புரட்ட வேண்டியிருந்தது. இப்போது அந்தப் புத்தகங்கள் கைப்பேசிக்குள் வந்துவிட்டன. சிங்கப்பூரின் வார்டுகளில் மருந்தாளுநர்கள் அதிகம் நாடும் மூன்று மருந்துத் தகவல் செயலிகளான மிம்ஸ், லெக்சிடிரக், மைக்ரோமெடெக்ஸ் ஆகியவற்றை அன்றாடப் பயன்பாட்டின் அடிப்படையில் இங்கே மதிப்பிடுகிறேன்.

ஆப்ஸ்டோர் விமர்சனங்களில் வேகம், வடிவமைப்பு, நட்சத்திர எண்ணிக்கை என்று அளப்பார்கள். வார்டில் நிற்பவருக்கு அந்த அளவுகோல் போதாது. நான் முதலில் பார்ப்பது, செயலிக்கு நாம் எந்த நாட்டில் நிற்கிறோம் என்பது தெரிந்திருக்கிறதா என்பதைத்தான். மருந்தின் வேதியியல் எல்லா நாட்டுக்கும் ஒன்றுதான். ஆனால் அதன் வணிகப் பெயர், விற்கப்படும் அளவு, ஆய்வகம் முடிவைத் தரும் அலகு, அந்நாட்டு மக்களின் மரபணு, நோயாளி கையோடு கொண்டுவரும் பிற நாட்டு மருந்து ஆகிய அனைத்தும் இடத்துக்கு இடம் மாறுகின்றன. தவறுகள் நுழைவதும் பெரும்பாலும் இந்த இடைவெளிகளில்தான்.

கைப்பேசி இவ்வளவு முக்கியமானதற்குச் சிங்கப்பூரில் தனிப்பட்ட ஒரு காரணமும் உண்டு. 2018ஆம் ஆண்டு ஜூன் இறுதியிலிருந்து ஜூலைத் தொடக்கம் வரை சிங்ஹெல்த் என்னும் பொது மருத்துவமனைக் குழுமத்தின் கட்டமைப்பில் நடந்த இணைய ஊடுருவலில் சுமார் 15 லட்சம் நோயாளிகளின் தனிப்பட்ட விவரங்கள் திருடப்பட்டன. அவர்களில் ஏறக்குறைய 1,60,000 பேருக்கு வெளிநோயாளிப் பிரிவில் வழங்கப்பட்ட மருந்துகளின் விவரங்களும் அதில் அடங்கும். திருடப்பட்டவற்றில் மருந்துப் பட்டியலும் இருந்தது என்பது எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு இன்றும் உறுத்தலாகவே இருக்கிறது. அதையடுத்துப் பொது மருத்துவமனைகளின் பணிக்கணினிகளிலிருந்து இணையம் பிரிக்கப்பட்டது. நோயாளியின் பதிவேடு ஒரு திரையிலும் மருந்துத் தகவல் வேறொரு திரையிலும் இருக்க வேண்டிய நிலை உருவாக, அந்த இரண்டாவது திரையின் வேலையைப் பலருக்கும் கைப்பேசியே செய்யத் தொடங்கியது.

முதலில் மிம்ஸ். பல பத்தாண்டுகளாக அச்சுப் புத்தகமாக மருத்துவர்களின் மேசைகளில் கிடந்த இந்தக் கையேடு, ஆசிய நாடுகள் பலவற்றுக்கும் தனித்தனிப் பதிப்பு கொண்டது. செயலி இலவசம், மருத்துவத் துறையினர் பதிவு செய்துகொண்டால் போதும். வணிகப் பெயரைத் தட்டினால் உட்பொருள், பயன்பாடு, அளவு, கூடாத நிலைகள், பக்கவிளைவுகள், சிங்கப்பூரில் கிடைக்கும் பொதி ஆகியவை ஒரே பக்கத்தில் வரிசையாக வருகின்றன. மருத்துவரின் சீட்டு வேண்டிய மருந்தா, மருந்தாளுநரிடமே பெறக்கூடியதா, பொது விற்பனைக்கு உரியதா என்னும் உள்ளூர் வகைப்பாடும் அதில் உண்டு. விளக்கங்கள் சுருக்கமானவை. சிக்கலான ஒரு நோயாளியைப் பற்றி முடிவெடுக்க அவை போதமாட்டா. மருந்து நிறுவனங்களின் விளம்பரங்களும் இடையிடையே வருகின்றன. அவசரத்தில் ஒரு பெயரைத் தேடிக்கொண்டிருப்பவருக்கு அது இடைஞ்சல்தான். இருந்தும், மூன்றில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னால் நான் மிம்ஸைத்தான் வைத்துக்கொள்வேன். அதற்குக் காரணம் எங்கள் நோயாளிகள்.

சிங்கப்பூரில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் மருந்து இரண்டு நாடுகளிலிருந்து வருவது சாதாரணம். பலதுறை மருந்தகம் எனப்படும் பாலிகிளினிக்கில் மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை வாங்கும் பை ஒருபுறம்; சென்னைக்கோ திருச்சிக்கோ போய்வந்த உறவினர் வாங்கிவந்த அட்டைகள் மறுபுறம். பயணிகள் தங்கள் சொந்தப் பயன்பாட்டுக்கு மூன்று மாதத்துக்கு மேற்படாத அளவில் மருந்து கொண்டுவருவதை, கட்டுப்படுத்தப்பட்ட பொருள்கள் கலந்த சில மருந்துகள் நீங்கலாக, சிங்கப்பூரின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பான சுகாதார அறிவியல் ஆணையம் அனுமதிக்கிறது. ஆகவே இதில் சட்டச் சிக்கல் இல்லை. சிக்கல் மருந்துப் பட்டியலில்தான் இருக்கிறது. 2011இல் தொடங்கப்பட்ட தேசிய மின்னியல் சுகாதாரப் பதிவேட்டில் பொது மருத்துவமனைகளும் பலதுறை மருந்தகங்களும் கொடுத்த மருந்துகளைப் பார்க்கலாம். தி. நகரில் ஒரு மருந்துக் கடையில் வாங்கியதை அந்தப் பதிவேடு அறியாது.

எனவே நோயாளி வார்டில் சேர்ந்ததும் கேட்கும் முதல் கேள்விகளில் இது இருக்க வேண்டும்: "பாட்டி, ஊர்ல இருந்து யாராச்சும் வாங்கிட்டு வந்த மாத்திரை ஏதாவது போட்டுக்கிறீங்களா?" திரையைப் பார்த்துக்கொண்டே ஆங்கிலத்தில் கேட்டால் "இல்லை" என்ற பதில்தான் வரும். தமிழில், பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால், தலைமாட்டில் இருக்கும் பை திறக்கும்.

அந்தப் பையிலிருந்து கிளைகோமெட் ஜிபி என்னும் அட்டை வெளிவருகிறது என்று வைத்துக்கொள்வோம். இந்தியாவில் மிகப் பரவலாக எழுதப்படும் நீரிழிவு மாத்திரை அது; மெட்ஃபார்மினும் கிளிமெபிரைடும் சேர்ந்த கூட்டு மருந்து. நோயாளியோ இங்கே பலதுறை மருந்தகத்தில் மெட்ஃபார்மினும் கிளிக்லசைடும் தனித்தனியாக வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். பெயர்கள் வேறு, நிறம் வேறு, அட்டை வேறு என்பதால் இவை வெவ்வேறு மருந்துகள் என்று அவர் நம்புவதில் தவறே இல்லை. ஆனால் கிளிமெபிரைடும் கிளிக்லசைடும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இரண்டுமே கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்பவை. முதியவர் ஒருவர் விடிகாலையில் மயங்கி விழுந்து அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு வருவதற்கு இந்த இரட்டிப்பு ஒன்றே போதும். மிம்ஸின் இணையத்தளத்தில் நாட்டைச் சிங்கப்பூரிலிருந்து இந்தியாவுக்கு மாற்றிவிட்டு அட்டையில் உள்ள பெயரைத் தேடினால், உட்பொருள் என்ன என்பது சில நொடிகளில் தெரிந்துவிடுகிறது. இதற்கு நிகரான வசதியை மற்ற இரண்டிலும் நான் கண்டதில்லை.

டோலோ 650 இன்னோர் எடுத்துக்காட்டு. அது 650 மி.கி. பாராசிட்டமால். இங்கே வீட்டுக்கு வீடு இருக்கும் பனடோல் 500 மி.கி. பாராசிட்டமால். காய்ச்சலுக்கு ஒன்றும் மூட்டுவலிக்கு மற்றொன்றும் என்று இரண்டையும் எடுப்பவர் நாளொன்றுக்கு 4 கிராம் என்னும் உச்சவரம்பை எளிதில் தொட்டுவிடுவார். லிட்டில் இந்தியாவில் இருக்கும் உறவினரிடமிருந்து கிடைத்த மாத்திரை என்பதால் அதை மருந்துக் கணக்கிலேயே சேர்க்காதவர்களும் உண்டு.

மாத்திரையின் உருவத்தை வைத்து மருந்தைக் கண்டுபிடித்துத் தரும் வசதியைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அமெரிக்காவைச் சார்ந்த செயலிகளும் இணையத்தளங்களும் இதைப் பெருமையாகக் காட்டுகின்றன. அந்நாட்டில் அவ்வசதி நன்றாகவே பயன்படும். ஏனெனில் மாத்திரை ஒவ்வொன்றின் மேலும் தயாரிப்பாளரையும் அளவையும் காட்டும் குறியீடு பொறிக்கப்பட வேண்டும் என்ற விதி 1995 முதல் அங்கே நடைமுறையில் இருக்கிறது. அட்டையிலிருந்து பிரித்து டப்பாவில் போட்டுக் கொண்டுவரப்படும், எந்தப் பொறிப்பும் இல்லாத வட்டமான வெள்ளை மாத்திரையை அது என்ன செய்யும்? பத்துப் பதினைந்து பொருந்தாத பெயர்களைக் காட்டும். இங்குள்ள வார்டில் இந்த வசதியை நம்பி ஒரு மருந்துக்குப் பெயர் சூட்டக் கூடாது என்றே இளம் மருந்தாளுநர்களுக்குச் சொல்கிறேன். வீட்டில் இருக்கும் மகனையோ மருமகளையோ அழைத்து, மாத்திரை அட்டையின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பச் சொல்வதே நம்பகமான வழி.

இரண்டாவது, லெக்சிகாம்ப் என்ற பெயரில் நீண்ட காலம் அறியப்பட்டு, இப்போது அப்டுடேட் லெக்சிடிரக் என்று வழங்கும் செயலி. உவால்டர்ஸ் குளுவர் நிறுவனத்துடையது. சந்தா கட்ட வேண்டும். பெரும்பாலும் மருத்துவமனையே கட்டுகிறது. தகவல் தொகுப்பைக் கைப்பேசிக்குள்ளேயே இறக்கி வைத்துக்கொள்ளலாம் என்பது இதன் பெரிய பலம். மருத்துவமனைகளின் அடித்தளங்களிலும் மின்தூக்கிக் கூடங்களிலும் கம்பியில்லா இணைப்பு தளர்ந்துபோகும்போதுதான் இந்த வசதியின் அருமை புரியும். புதுப்பிப்பை அவ்வப்போது இறக்க மறந்தால் பழைய தகவலையே படித்துக்கொண்டிருப்போம் என்பதால், வாரத் தொடக்கத்தில் அதைச் செய்துவிடுவது நல்லது.

மருந்துகள் ஒன்றோடொன்று வினைபுரிவதை ஆராயும் பகுதிக்காகவே பலரும் லெக்சிடிரக்கை நாடுகிறார்கள். ஒவ்வொரு சேர்க்கைக்கும் அது ஏ, பி, சி, டி, எக்ஸ் என்னும் எழுத்துகளில் ஒன்றைத் தருகிறது. ஏ என்றால் வினை எதுவும் அறியப்படவில்லை; பி என்றால் எதுவும் செய்யத் தேவையில்லை; சி என்றால் கண்காணிக்க வேண்டும்; டி என்றால் சிகிச்சையை மாற்ற யோசிக்க வேண்டும்; எக்ஸ் என்றால் சேர்த்துக் கொடுக்கவே கூடாது. கொழுப்பைக் குறைக்கும் சிம்வாஸ்டாட்டினோடு நுண்ணுயிர்க்கொல்லியான கிளாரித்ரோமைசினைச் சேர்த்தால் எக்ஸ் வரும். கல்லீரலில் சிம்வாஸ்டாட்டினைச் சிதைக்கும் நொதியைக் கிளாரித்ரோமைசின் தடுத்துவிடுவதால் தசைகள் சிதையும் ஆபத்து உண்டு. இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரினோடு நுண்ணுயிர்க்கொல்லியான மெட்ரோனிடசோலைச் சேர்த்தால் டி வரும். இரத்தம் உறையும் நேரம் நீண்டு, கசிவு ஏற்படலாம். எழுத்தின் கீழே என்ன செய்ய வேண்டும் என்பதும், எந்தச் சான்றின் அடிப்படையில் அப்படிச் சொல்லப்படுகிறது என்பதும் தெளிவாக எழுதப்பட்டிருக்கின்றன. மருத்துவரிடம் பேசும்போது வெறும் "கூடாது" என்று சொல்வதற்கும், ஏன், எவ்வளவு, மாற்று என்ன என்பதைச் சேர்த்துச் சொல்வதற்கும் இடையே உள்ள வேறுபாட்டை இந்தப் பகுதி ஈடுகட்டுகிறது.

இதன் குறை, அதன் முழுமையிலிருந்தே பிறக்கிறது. எழுபது வயதைத் தாண்டிய நோயாளியின் பத்து மருந்துகளையும் உள்ளிட்டால் சி என்று குறியிட்ட எச்சரிக்கைகள் திரைநிறைய வந்து குவிகின்றன. அவற்றில் பெரும்பாலானவை மருத்துவர் தெரிந்தே ஏற்றுக்கொண்ட சேர்க்கைகள். இரத்த அழுத்த மருந்து இரண்டைச் சேர்த்தால் அழுத்தம் குறையும் என்பதைப் போன்றவை. இத்தனைக்கும் நடுவில், உண்மையாகவே கவனிக்க வேண்டிய ஒன்று ஒளிந்திருக்கலாம். இரத்த அழுத்த மருந்தான அம்லோடிப்பின் எடுப்பவருக்குச் சிம்வாஸ்டாட்டின் 20 மி.கி.க்கு மேல் கூடாது என்பது அத்தகையது. இங்கே இரண்டும் மிகப் பரவலாக எழுதப்படும் மருந்துகள். தொடர்ந்து கத்திக்கொண்டே இருக்கும் எச்சரிக்கையை மனிதக் கண் ஒரு கட்டத்துக்குப் பிறகு பார்ப்பதை நிறுத்திவிடுகிறது. நான் முதலில் டி, எக்ஸ் ஆகியவற்றை மட்டும் பார்ப்பேன். பிறகு இரத்தம் உறைதல், இதயத் துடிப்பு, பொட்டாசியம், தூக்கக் கலக்கம் என்ற நான்கைப் பற்றிய சி எச்சரிக்கைகளைத் தேடிப் படிப்பேன். செயலி தானாகவே இப்படிப் பிரித்துக் காட்டினால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

இடம் பற்றிய கேள்வியில் லெக்சிடிரக்குக்கு நான் பாதி மதிப்பெண்தான் தருவேன். அடிப்படையில் இது அமெரிக்க மருத்துவர்களுக்காக எழுதப்பட்டது. கிளிக்லசைடு அமெரிக்காவில் விற்பனையில் இல்லை. இங்கோ நீரிழிவுக்கு முதலில் நினைவுக்கு வரும் மாத்திரைகளில் அது ஒன்று. பாராசிட்டமாலும் மூச்சிரைப்பு மருந்தான சல்பூட்டமாலும் வேறு பெயர்களில் இருக்கும்; பழகிவிட்டால் அது பெரிய தடையில்லை. இதைவிட முக்கியமானது உள்ளூர் மருத்துவ நடைமுறை. வலிப்புக்கும் நரம்புவலிக்கும் கொடுக்கும் கார்பமசெப்பின், எச்எல்ஏ-பி 15:02 என்னும் மரபணு வகை உள்ளவர்களுக்கு ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோய்க்குறி என்னும் கொடிய தோல் எதிர்வினையை உண்டாக்கக்கூடும். இந்த மரபணு சீனரிடத்திலும் மலாய்க்காரரிடத்திலும் அதிகமாகவும் இந்தியரிடத்தில் குறைவாகவும் காணப்படுகிறது. சிங்கப்பூரில் 2013 முதல், ஆசிய வம்சாவளியினருக்கு இம்மருந்தைப் புதிதாகத் தொடங்குவதற்கு முன் மரபணுச் சோதனை செய்வது வழக்கமான சிகிச்சைமுறையின் ஒரு பகுதியாகிவிட்டது. வெளிநாட்டுச் செயலி இந்த மரபணுவைப் பற்றி எச்சரிக்கும். ஆனால் இங்குள்ள நடைமுறை என்ன, சோதனை முடிவு வரும்வரை நரம்புவலிக்கு எதைக் கொடுப்பார்கள் என்பதை மருத்துவமனையின் சொந்த வழிகாட்டியில்தான் பார்க்க வேண்டும். அந்த வழிகாட்டி பெரும்பாலும் பணிக்கணினியில் இருக்கும், கைப்பேசியில் இருக்காது.

மூன்று செயலிகளையும் தாண்டி, எந்த மருந்தாளுநரும் அன்றாடம் தொடும் ஒரு வசதி கணிப்பான். சிறுநீரகம் ஒரு நிமிடத்தில் எவ்வளவு இரத்தத்தைச் சுத்திகரிக்கிறது என்பதைக் காக்ராஃப்ட்-கால்ட் சூத்திரத்தைக் கொண்டு மதிப்பிட்டு, அதற்கேற்ப அளவை மாற்றுவதே வார்டுப் பணியின் பெரும்பகுதி. 1976இல் வெளியான இந்தச் சூத்திரத்துக்கு வயது, எடை, பாலினம், இரத்தத்தில் உள்ள கழிவுப்பொருளான கிரியேட்டினினின் அளவு என்ற நான்கு தகவல்கள் போதும். அமெரிக்க ஆய்வகங்கள் கிரியேட்டினினை டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று தருகின்றன. சிங்கப்பூர் ஆய்வகங்களோ லிட்டருக்கு இத்தனை மைக்ரோமோல் என்று தருகின்றன. இரண்டுக்கும் இடையே 88.4 மடங்கு வேறுபாடு உண்டு. பெரும்பாலான கணிப்பான்களில் அலகை மாற்றிக்கொள்ளும் பொத்தான் இருக்கிறது. ஆனால் திறந்ததும் அமெரிக்க அலகோடு நிற்பவை பல.

அலகுத் தவறு ஆபத்தானது என்று எல்லோரும் சொல்வார்கள். என் அனுபவத்தில் அது தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிடும். 130 என்னும் எண்ணைத் தவறான அலகில் இட்டால் சிறுநீரகம் முற்றிலும் நின்றுவிட்டதுபோல ஒரு விடை வரும், பார்ப்பவர் உடனே திருத்திக்கொள்வார். பார்வைக்குச் சரியாகத் தோன்றும் தவறுக்குத்தான் நான் அஞ்சுகிறேன். 72 வயது, 50 கிலோ எடை, கிரியேட்டினின் 130 மைக்ரோமோல் உள்ள ஓர் அம்மாவை எடுத்துக்கொள்வோம். பெண் என்பதைத் தட்டினால் விடை நிமிடத்துக்குச் சுமார் 27 மி.லி. அதைத் தட்ட மறந்து, செயலி ஆண் என்றே வைத்துக்கொண்டால் சுமார் 32 மி.லி. இரண்டு விடைகளும் நம்பும்படியாகவே இருக்கின்றன. ஆனால் இரத்தக்கட்டியைக் கரைக்காமல் மேலும் வளராதபடி தடுக்கக் கொடுக்கும் எனோக்சபாரின் ஊசிக்கு எல்லைக்கோடு 30. அதற்கு மேல் இருந்தால் கிலோவுக்கு 1 மி.கி. வீதம் 12 மணி நேரத்துக்கு ஒருமுறை. அதற்குக் கீழே இருந்தால் அதே அளவு நாளுக்கு ஒருமுறை மட்டும். ஒரு பொத்தானைத் தட்டாமல் விட்டதால் அந்த அம்மாவுக்கு இரட்டிப்பு மருந்து இறங்கி, இரத்தக் கசிவு ஏற்படலாம். எடையும் அப்படித்தான், உடல் பருமன் உள்ளவருக்கு எந்த எடையை எடுப்பது என்பதில் செயலிகள் பல வழிகளைத் தருகின்றனவே தவிர, எது இவருக்குப் பொருந்தும் என்பதைச் சொல்வதில்லை. எனவே விடையை மட்டும் எழுதாமல், இட்ட நான்கு தகவல்களையும் குறிப்பில் எழுதிவைக்க வேண்டும். அடுத்த பணிமுறைக்கு வரும் சக மருந்தாளுநர் அதை மீண்டும் சரிபார்க்க முடியும்.

மூன்றாவது, மெரட்டிவ் நிறுவனத்தின் மைக்ரோமெடெக்ஸ். இதையும் மருத்துவமனையின் சந்தா வழியாகவே பயன்படுத்த முடியும். வினைகளை இது முற்றிலும் கூடாதது, கடுமையானது, நடுத்தரமானது, சிறியது என்று பிரித்து, சான்று எவ்வளவு வலுவானது என்பதையும் தனியே குறிக்கிறது. இந்த இரட்டைக் குறிப்பு எனக்குப் பிடித்தது. கடுமையான வினை, ஆனால் ஆதாரம் மெலிந்தது என்ற செய்தியை ஒரே பார்வையில் பெற முடிகிறது. ஆயினும் நான் மைக்ரோமெடெக்ஸைத் திறப்பது பெரும்பாலும் வேறொரு தேவைக்காக: குழாய் வழியாக இறக்கும் ஊசி மருந்துகள் ஒன்றோடொன்று சேருமா என்பதைப் பார்க்க.

தீவிரச் சிகிச்சைப் பிரிவில் நோயாளிக்கு இரண்டு குழாய்கள்தாம் இருக்கும்; இறங்க வேண்டிய மருந்துகளோ ஏழெட்டு. எந்த இரண்டு ஒரே குழாயில் சந்திக்கலாம் என்ற கேள்வி இரவு பகல் பாராமல் வரும். இதயத் துடிப்பைச் சீராக்கும் அமியோடரோனும் இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரினும் சேர்ந்தால் படிவு உண்டாகும். வலிப்பு மருந்தான ஃபெனிட்டோயினைக் குளுக்கோஸ் கரைசலில் கலந்தால் அது படிகமாகிவிடும். உப்புநீரில்தான் கலக்க வேண்டும். அமியோடரோனுக்கு நேர்மாறாகக் குளுக்கோஸ் கரைசல் வேண்டும். இவை தெரிந்தவை. ஆனால் அதிகம் பயன்படாத இரண்டு மருந்துகளின் சேர்க்கையை எவராலும் மனப்பாடமாக வைத்திருக்க முடியாது. மைக்ரோமெடெக்ஸில் மருந்துகளைத் தேர்ந்தெடுத்தால், குழாய்ச் சந்திப்பில், ஒரே பையில், ஒரே ஊசிக்குழலில் என்று சூழலுக்குச் சூழல் சேரும், சேராது, தகவல் இல்லை என்பதை அட்டவணையாகத் தருகிறது. எந்தச் செறிவில், எத்தனை மணி நேரம் சோதித்தார்கள் என்பதையும் திறந்து பார்க்கலாம். தகவல் இல்லை என்பதைச் சேரும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது; அந்நிலையில் வேறு குழாயைத் தேடுவதோ, நடுவே உப்புநீர் விட்டுக் குழாயைக் கழுவுவதோதான் முறை. இந்தப் பகுதியில் இடத்தைப் பற்றிய கவலையும் குறைவு. ஊசி மருந்தின் வேதியியலுக்கு நாட்டெல்லை கிடையாது. தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் சேர்மானம் மாறக்கூடும் என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்.

திரைதான் இங்கே தடை. அகலமான அட்டவணையைச் சிறிய கைப்பேசியில் பக்கவாட்டில் தள்ளித் தள்ளிப் படிக்கும்போது வரிசை மாறிவிடலாம். இப்பணிக்குக் கைக்கணினி அல்லது வார்டுகளில் தள்ளிச் செல்லும் கணினி வண்டியே ஏற்றது. சட்டைப் பையில் அடங்கும் வசதிக்காக இதை விட்டுக்கொடுக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

கருவியைப் பற்றிப் பேசும்போது இரண்டு பழக்கங்களைச் சொல்லியே ஆக வேண்டும். ஒரு படுக்கையிலிருந்து அடுத்த படுக்கைக்குப் போகும்முன் கையைக் கழுவுகிறோம். கழுவிய கையால் கைப்பேசியைத் தொட்டால் கழுவியதன் பயன் பாதி போய்விடுகிறது. வார்டில் பயன்படுத்தும் கருவிக்கு மடிப்புகளும் துணியும் இல்லாத உறை வேண்டும். அதைக் கிருமிநாசினித் தாளால் துடைக்க வேண்டும். அடுத்தது படம். மாத்திரை அட்டையைப் படம் எடுப்பது பயனுள்ளது என்று மேலே சொன்னேன்; ஆனால் நோயாளியின் பெயரும் அடையாள எண்ணும் ஒட்டிய பையை மருந்தாளுநர் தம் சொந்தக் கைப்பேசியில் படம் எடுத்தால், அது அவர் அறியாமலே இணையச் சேமிப்புக்குப் போய்விடும். 2012ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். மருந்துப் பட்டியலை நம்மிடம் ஒப்படைத்த மனிதருக்கு நாம் கொடுக்க வேண்டிய மதிப்பு அது. மருத்துவமனை அனுமதித்த கருவியிலும் அனுமதித்த செய்திச் செயலியிலும் மட்டுமே அத்தகைய படம் இருக்கலாம்.

படுக்கையருகே கைப்பேசியைக் குனிந்து பார்க்கும் மருந்தாளுநரை, குறுஞ்செய்தி படித்துக்கொண்டிருப்பவராக நோயாளி நினைப்பதும் உண்டு. "ஐயா, உங்க மருந்தைப் பத்தித்தான் இதுல பார்க்குறேன், ஒரு நிமிஷம்" என்று சொல்லித் திரையை அவர் பக்கம் திருப்பினால் அந்த ஐயம் தீர்ந்துவிடுகிறது. கைக்கணினியில் மூச்சிழுப்பு மருந்தைப் பயன்படுத்தும் காணொளியைக் காட்டி, அதன்பின் அவரையே செய்துகாட்டச் சொல்வது இதன் அடுத்த படி. மூச்சை எப்போது இழுப்பது, எத்தனை நொடி அடக்குவது என்பதையெல்லாம் வாயால் விளக்குவதைவிட ஒரு நிமிடப் படம் நன்றாக விளக்குகிறது. இதற்கு மேற்சொன்ன மூன்று செயலிகளும் உதவுவதில்லை. மருத்துவமனைகள் தாமே தயாரித்த காணொளிகளைத்தான் நாட வேண்டியிருக்கிறது. தமிழில் அவை இன்னும் பெருக வேண்டும்.

நோயாளிகளும் குடும்பத்தினரும் பயன்படுத்தக்கூடிய ஹெல்த்ஹப்பைச் சுருக்கமாகக் குறிப்பிடுகிறேன். சுகாதார அமைச்சும் சுகாதார மேம்பாட்டு வாரியமும் 2015இல் தொடங்கிய இச்சேவையில் சிங்பாஸ் என்னும் தேசிய மின்னியல் அடையாளம் கொண்டு நுழைந்தால், பொது மருத்துவமனைகளும் பலதுறை மருந்தகங்களும் வழங்கிய மருந்துகளின் பட்டியலைக் காணலாம். முதிய பெற்றோரின் பதிவைப் பிள்ளைகள் பார்ப்பதற்குப் பராமரிப்பாளர் அனுமதியும் பெறலாம். பெற்றோர் வார்டில் சேரும்போது இந்தப் பட்டியலைத் திறந்து காட்டும் மகனோ மகளோ எங்கள் வேலையில் பாதியைக் குறைத்துவிடுகிறார். மீதிப் பாதி இந்தப் பட்டியலில் இல்லாதவை: ஊரில் வாங்கியவை, லிட்டில் இந்தியாவின் தேக்காவில் வாங்கிய சித்த மருந்துகள், தனியார் மருந்தகத்தில் வாங்கியவை. அவற்றின் படங்களைக் கைப்பேசியில் தனியே சேர்த்து வைத்துக்கொண்டால் நல்லது. மருந்தின் பெயர், அளவு, காலாவதித் தேதி ஆகிய மூன்றும் படத்தில் தெளிவாகத் தெரிய வேண்டும்.

செலவு செய்யத் தயங்கும் தனியார் மருந்தகங்களுக்கும் புதிதாகப் பணியில் சேர்பவர்களுக்கும் மிம்ஸே போதுமான தொடக்கம். சந்தேகம் வரும் இடத்தில் சுகாதார அறிவியல் ஆணையத்தின் இணையத்தளத்தில் உள்ள பதிவுபெற்ற மருந்துகளின் பட்டியலை இலவசமாகத் தேடிப் பார்க்கலாம். பல மருந்துகள் எடுக்கும் முதியவர்கள் நிறைந்த பொது வார்டுக்கு லெக்சிடிரக் தன் சந்தாவுக்குத் தகுந்த பயனைத் தருகிறது. தீவிரச் சிகிச்சைப் பிரிவும் புற்றுநோய்ப் பிரிவும் உள்ள மருத்துவமனை மைக்ரோமெடெக்ஸ் இல்லாமல் இயங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மூன்று நிறுவனங்களிடமும் எனக்கு ஒரே வேண்டுகோள்தான்: சிங்கப்பூரில் பதிவு செய்தவருக்குக் கணிப்பான் திறந்ததும் மைக்ரோமோல் அலகே முன்நிற்க வேண்டும், பாலினத்தைத் தேர்ந்தெடுக்காதவரை விடையே வரக் கூடாது.